இருக்க வேண்டிய அளவு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். குனிந்து எதையும் எடுக்காத வரையில் நானும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் காரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தொலைபேசியில் நீ இட்ட உத்தரவு கிடைக்கப்பெற்றேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அத்தையின் நினைவுக் கூட்டத்தில் நான் பத்து நிமிடம் பேச வேண்டும். "அத்தான், அந்த பேன்ட் கதையெல்லாம் எடுக்காதீங்க. அம்மாவோட பொறுமை, அமைதி, தியாகம், அதை மட்டும் சொல்லுங்க" என்றாய். பேச வேண்டியதை நீயே ஒரு பக்கம் எழுதியும் அனுப்பிவிட்டாய். மச்சான், முப்பத்திரண்டு வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதியவன் நான். ஆறு மாதமாகத் தண்ணீர் வராத தெருவுக்கு 'விரைவில் ஆவன செய்யப்படும்' என்று கை கூசாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் உன் அம்மா பொறுமையானவர் என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கேட்கிறவர்கள் வேறு யாரோ இறந்துவிட்டார் போல என்று எழுந்து போய்விடுவார்கள்.

உனக்கு மறந்திருக்கலாம், அப்போது நீ அரைக்கால் சட்டைப் பையன். உன் அக்காளைக் கட்டிக்கொடுக்கக் கேட்டு நான் அப்பா அம்மாவோடு முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, முன்னறையில் இருந்த தையல் கடையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாண்ட விட்டால்தானே? உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் அத்தை கழுத்தில் கிடந்த டேப்பை உருவி என் இடுப்பைச் சுற்றிவிட்டார். "மூச்சை விடுங்க. வயித்தை எக்கிப் பிடிச்சு யாரை ஏமாத்தறீங்க?" விட்டேன். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை வாயால் முப்பத்தாறு என்று சொல்லிவிட்டு, சீட்டில் முப்பத்து நாலு என்று எழுதினார். தப்பாக எழுதிவிட்டீர்களே என்றேன். "முப்பத்தாறு நீங்க இருக்கற அளவு. முப்பத்து நாலு நீங்க இருக்க வேண்டிய அளவு. நான் ரெண்டாவதுக்குத்தான் தெப்பேன்" என்றார். அன்றிலிருந்து என் இடுப்புக்கு விடுதலை இல்லை.

இந்தச் சட்டம் எனக்கு மட்டுமா? என் பெண் பத்து வயது வரை பள்ளிக்கூடச் சீருடைக்குள் எங்கோ இருந்தாள், வளருகிற பிள்ளை என்று. உனக்குத் தோள் அகலமாக வேண்டும் என்று வருடா வருடம் பார்சலில் சட்டை வந்ததே, அதை நீ அவரோடு வீடியோவில் பேசும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "காலர் மடிப்பு கலையலை, இப்பத்தான் போட்டிருக்கான்" என்பார். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, பார்க்க வந்த பெரிய டாக்டரிடம் கோட்டில் ஒரு தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லி, கழற்றி வாங்கி, படுக்கையிலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். அதுவரை அந்த மனிதர் கோட்டு இல்லாமல் வார்டைச் சுற்றி வந்தார். ஒரு நோயாளி அவரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம். இதில் அமைதியை நான் எங்கே தேடுவது?

என் பணி ஓய்வு விழாவை நீ நேரில் பார்க்கவில்லை. வழக்கம்போல் வர முடியாமல் போனது. மேலதிகாரி சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார், நான் மரியாதைக்குக் கொஞ்சம் குனிந்தேன், பின்னால் படாரென்று ஒரு சத்தம். மீதி விழா முழுவதும் அந்தக் கடிகாரத்தைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னால், "குனிஞ்சது எதுக்கு? இத்தனை வருஷம் குனிஞ்சது போதாதா?" என்று அத்தை திருப்பிக் கேட்கிறார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இருபத்தெட்டு வருடமாக அத்தை தைக்கும் ஒவ்வொரு பேன்ட்டையும் மஞ்சப்பையில் மறைத்து எடுத்துப்போய், இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையல்காரரிடம் இடுப்பைப் பிரித்துத் தைத்து வாங்கித்தான் மானத்தோடு அலுவலகம் போனேன். விழா அன்று அவர் கடை பூட்டியிருந்தது, அதுதான் விஷயம். அத்தையை ஏமாற்றிய ஒரே மனிதன் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம். அவர் கடைசியாகத் தைத்த சாம்பல் நிறப் பேன்ட்டையும், கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நேற்று எடுத்துப் போனேன். தையல்காரர் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. மொதல் பேன்ட்லேருந்தே அம்மா உள்ள ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தெப்பாங்க. மாப்பிள்ளை வருவாரு, பிரிச்சுக் குடு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேன்னு எனக்குச் சொல்லி அனுப்பிடுவாங்க. இதுல துணியே விடலை. ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப சொன்னாங்க, சாம்பல் கலர் பேன்ட் வந்தா அப்படியே திருப்பிக் குடுத்துடு, அதைப் பிரிக்க வேண்டியிருக்காதுன்னு."

பார்த்தாயா? இருபத்தெட்டு வருட ரகசியம், ஊரில் எனக்கு மட்டும்தான் ரகசியம். அதுவும் போதாதென்று, போகிற போக்கில் பிரிக்கவே முடியாத ஒரு பேன்ட்டைத் தைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்குப் பெயர் பழிவாங்கல் இல்லாமல் வேறென்ன? ஆகையால், மேற்படி காரணங்களை முன்னிட்டு, என்னால் ஞாயிற்றுக்கிழமை பேச இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். உன் ஒரு பக்கத்தை நீயே வீடியோவில் படித்துவிடு, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு. என்னைப் பற்றி உன் அக்காள் ஏதாவது சொன்னால் நம்பாதே. அத்தை போன இந்த மூன்று வாரமாக நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், வீடு சத்தமில்லாமல் நிம்மதியாக இருக்கிறது.

உனக்கும் உன் மனைவிக்கும் எங்கள் ஆசிகள். காருக்கும்தான்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அக்காள், "ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்" என்று அந்தச் சாம்பல் பேன்ட்டைக் கையில் திணித்தாள். மூச்சைப் பிடிக்கவில்லை, எக்கவில்லை, கொக்கி தானாக மாட்டிக்கொண்டது. அவளைப் பார்த்தேன். "மூணு வாரமா உங்க தட்டுல பாதி அப்படியேதான் திரும்பி வருது. நீங்கதான் கவனிக்கலை" என்றாள். மச்சான், ஞாயிற்றுக்கிழமை நான் பேசுகிறேன். பேன்ட் கதையைத்தான் பேசுவேன், உன் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஒரு பெல்ட் மட்டும் வாங்கி அனுப்பு. அத்தையின் அளவு முதல் தடவையாகத் தப்பியிருக்கிறது, இடுப்பில் இன்னும் இரண்டு விரல் தொளதொளக்கிறது.