தேங்காய் விழவில்லை, யுவர் ஆனர்!

எத்தனையோ வக்கீல்கள் எத்தனையோ பேருக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறார்கள். பூமிக்கே வக்காலத்து வாங்கியவர் எங்கள் தென்காசி ‘விழா வக்கீல்’ ஒருவர்தான். எந்த விழாவும் அவர் நடத்தியதில்லை. எதுவுமே விழாது என்று சொன்னவர். அதனால் அந்தப் பெயர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. வக்கீல் அண்ணாச்சிக்கு எதிர்வீடு. கோர்ட்டு விட்டு வந்ததும், சீமையிலிருந்து வரும் சயன்ஸ் பத்திரிகையில் தலையைக் கொடுத்துவிடுவார். ஒருநாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார்.

“கேட்டீரா வே! பூமி எதையும் இழுக்கலையாம்!”

“அப்போ கீழே விழுததெல்லாம்?”

“எதுவும் விழலை வே. பூமியோட கனத்துல இடமும் காலமும் சேர்ந்து வளைஞ்சு கிடக்கு. அந்த வளைவுல சிவனேன்னு தன் வழியில போறதைத்தான் நாம விழுதுன்னு சொல்லுதோம். இழுப்புன்னு ஒரு விசையே கிடையாது. ஜெர்மன்காரர் ஒருத்தர் கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு!”

வீட்டோடு விட்டிருக்கலாம். கோர்ட்டுக்கும் கொண்டுபோனார். இலஞ்சிக்காரர் ஒருவருடைய தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து, பக்கத்து வீட்டு ஓடு நொறுங்கிப்போன வழக்கு. அண்ணாச்சி மரக்காரர் பக்கம். பேய்க்காற்று அடித்தது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்கள். இவர் எழுந்தார்.

“யுவர் ஆனர், தேங்காய் விழவில்லை. காம்பு விட்டதும் அது தன் பாதையில் சும்மா போனது.”

எதிர்க்கட்சி வக்கீல் துள்ளினார். “அப்படியானால் ஓடு எழும்பிப் போய்த் தேங்காயை முட்டியதோ?”

“அதேதான்! என் நண்பர் இப்போதுதான் சரியாகப் பேசுகிறார்!”

முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பங்கா விசிறி இழுப்பவன் கயிற்றை விட்டுவிட்டான். கட்சிக்காரர் திறந்த வாயை, தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகும் மூடவில்லை.

வீட்டில் அவர் சம்சாரம், எங்கள் மதினி, பிடித்துக்கொண்டாள். “ஊரே சிரிக்குது. எதுவும் விழாதுன்னா குத்தாலத்துப் பாறையில இருந்து குதிச்சுத்தான் காட்டுங்களேன்!”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. “அடி சக்கை! இது எனக்குத் தோணலையே!”

மறு ஞாயிறு, மூட்டை நிறுக்கும், முள் காட்டும் கொக்கித் தராசை என்னிடம் இரவல் கேட்டார். பலாப்பழம் நிறுக்கப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். மூவரும் குற்றாலம் போனோம். நல்ல சாரல். அருவிக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் தேங்கிய ஓர் ஆழமான கசம், அதன்மேல் உயரமான பாறை. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக அதில் ஏறினார். தராசில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார்.

“வே, முள்ளைப் பாரும்!”

குதித்துவிட்டார்!

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிலையாகிவிட்டார்கள். மதினி போட்ட அலறலில் குரங்குகள் மரம் தாவின. தலைப்பாகை மட்டும் மிதந்தது. உயிர் போய் உயிர் வந்த மாதிரி, முதலில் தராசைப் பிடித்த கை மேலே வந்தது, பிறகு அண்ணாச்சி.

“முள்ளு பூஜ்யம் வே! போகும்போது கல்லுக்குக் கனமே இல்லை! பூமி இழுத்தா கனம் காட்டாண்டாமா?”

அவர் குதித்த நேரத்தில் நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். முள்ளையாவது, பார்ப்பதாவது!

மதினி பாறையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். “உங்களுக்குக் கனமில்லாமப் போச்சு. எனக்கு நெஞ்சுல இந்த மலையே ஏறி உக்காந்துட்டு.”

அண்ணாச்சி குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். பிடித்த கையை விடாமல் கடைவீதி வழியே நடந்தார். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்து நடப்பதா! குதித்ததைக்கூட மன்னித்த ஊர் இதற்கு அரண்டுபோய்விட்டது.

பின்னாளில் காலேஜ் புரொபஸர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “பூமி இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், விழும்போது முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். கல்லோடு தராசும் சேர்ந்துதானே விழுகிறது? அவர் குதித்ததில் எந்தக் கட்சியும் ஜெயிக்கவில்லை” என்றார்.

அதற்குப் பிறகும் அண்ணாச்சி வெகுகாலம் இருந்தார். தினமும் பார்த்துப் பேசினோம். அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவே இல்லை.