ஒரு சிரிப்புக்கு ஆறு மாடி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் உன் மகள் என்பதால்தான் போனில் கத்தாமல் கடிதமாக எழுதுகிறேன்.

நடந்ததை அவள் வாயால் கேட்டிருப்பாய், நியாயத்தை என் வாயால் கேள். எங்கள் குடியிருப்பின் லிஃப்டைப் பழுது பார்க்க ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் குழிக்குள் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடி ஆடிட்டர் பின்னாலிருந்து போட்டோ எடுத்து, "இந்த லிஃப்ட் தினமும் கெட்டுப்போகணும்" என்று எழுதி வாட்ஸப் குழுவில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? நானும் ஒரு சிரிக்கும் பொம்மை போட்டேன். போட்டோவில் முகமே இல்லை அம்மா! முகம் இல்லாதவள் என் தங்கை மகள் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது, தலைக்கவசத்தை வைத்தா? வேலை முடிந்து தண்ணீர் குடிக்க நம் வீட்டுக்கு வந்தவளிடம், "பாரும்மா, ஒரே தமாஷ்" என்று நானேதான் காட்டினேன்.

"மாமா, இது நான்" என்றாள். பிறகு, "இந்தச் சிரிப்பு உங்களோடதா?" என்றாள்.

"எல்லாருந்தான் போட்டாங்க" என்றேன். டம்ளரை வாயில் வைக்காமலே கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போனவள் சும்மா போகவில்லை, கம்பெனியில் புகார் எழுதிவிட்டாள். லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்கும்வரை ஆள் அனுப்பமாட்டார்களாம். அவளையும் வெளிவேலையிலிருந்து எடுத்து, பாதுகாப்புக்காக ஆபீசில் போன் எடுக்க உட்காரவைத்துவிட்டார்களாம். நாற்காலி, நிழல்! இதைப் போய்த் தண்டனை என்கிறாளாம். அப்போ ஆறு மாடி ஏறுகிற எனக்கு என்ன பேர்? இந்தக் காலத்தில் உண்மையில் ஒடுக்கப்பட்டவர் யார் என்று குழுவில் நேற்று பெரிய விவாதம் நடந்து, ஆண்கள்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. பெண்கள் ஒருவர்கூட மறுக்கவில்லை. குழுவில் பெண்கள் கிடையாது.

"உங்க வீட்டுப் பொண்ணுதானே சார், ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கச் சொல்லக்கூடாதா?" என்று ஆடிட்டர் எல்லோர் முன்னாலும் கேட்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. நீ தாய், நீ சொன்னால் கேட்பாள். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். உன் மகளுக்கு என் ஆசீர்வாதம், அவள் கோபம் தணிந்த பிறகு கொடுக்கவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் குழுவில் இன்னொரு போட்டோ வந்தது. இரண்டு தோளிலும் காய்கறிப் பையோடு, கைப்பிடியைப் பிடித்துப் படியேறும் ஒரு பெண். பின்னாலிருந்து எடுத்தது. "படிக்கட்டு குடுத்து வச்சது" என்று எழுதியிருந்தது. முகம் இல்லை. ஆனால் இடுப்பு வலிக்காக ஒருக்களித்து ஏறும் அந்த நடை எனக்குத் தெரியும். "இது என் மனைவி" என்று எழுதினேன். "சாரி சார், முகம் தெரியலை" என்றார் ஆடிட்டர். அதற்கும் சிரித்தார்கள்.

உன் அண்ணி இப்போதுதான் உள்ளே வந்து மூச்சு வாங்குகிறாள். "போன்ல என்ன தமாஷ்?" என்று கேட்கிறாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். புகாரைத் திரும்ப வாங்க வேண்டாம். அப்படி ஒன்றை நானும் எப்படி எழுதுவது என்று உன் மகளிடம் கேட்டுச் சொல். நான் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை.