ஜிமிக்கியில் தொங்கிய ஜீப்பு

ஒரே ஒரு போடிநாயக்கனூரில், ரேடியோ வைத்திருக்க லைசென்சு வாங்கின காலத்தில், வீரையா வீரையா என்று ஒருத்தர் இருந்தார். ஏலக்காய் வியாபாரி. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார். கையில் அந்தக் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடிகிறவரை கறி, கவுச்சி கூடாது. தீச்சட்டி எடுப்பது மட்டும் அவருக்கு ஆகாது. "விரதம் என்னோடது, சட்டி ஒன்னோடது" என்று பெண்டாட்டி மாயக்காளிடம் பாகம் பிரித்திருந்தார்.

லோடு பார்க்க மலைமேல் போடிமெட்டுக்குப் போனபோது, புதுசாய் வாங்கிய கேமராவையும் கொண்டுபோனார். ஜீப்பு டிரைவர் அமாவாசை அங்கே அவரை ஒரு படம் எடுத்தான். வீட்டுக்கு வந்து மாயக்காளை இவர் ஒரு படம் எடுத்தார். நடுவில் குமிழைத் திருகிப் பிலிமை நகர்த்த வேண்டும். அது யாருக்கும் ஞாபகமில்லை.

படம் கழுவி வந்தது. மாயக்காள் நெற்றியில் மலை. கன்னத்தில் கொண்டை ஊசி வளைவு. ஜிமிக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஜீப்பு.

"என்னங்க இது, தப்பாயிருச்சா?"

வீரையா தப்பை ஒத்துக்கொண்ட சரித்திரம் கிடையாது. "தப்பா? கலை புள்ள இது. ரெண்டு படத்த ஒண்ணா நெய்யிறது லேசுப்பட்ட சோலியா? வேணும்னே எடுத்தது."

அவள் படத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, சாய்த்து, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அழகாத்தான் இருக்கு. மலையே எம்மேல சேலையா விழுந்திருக்கு. பெருசாக்கி மாட்டுவோம்."

பதினெட்டு வருசத்தில் வீரையாவின் மீசை உட்பட எதையும் அவள் அழகு என்று சொன்னதில்லை. அவள் அடுப்படிக்குப் போனதும் படத்தை எடுத்து உற்றுப் பார்த்தார். ஜீப்புக்குப் பக்கத்தில் எறும்பளவு ஓர் ஆள். அது அவர்தான். வாயில் என்னமோ இருந்தது. என்னமோ என்ன, கோழிக்கால்.

"ஏ புள்ள, யோசிச்சுப் பாத்தா இது தப்புத்தான். கிழிச்சுப் போட்டுருவோம்."

"கலைன்னீக?"

"கலையில மட்டம்."

"எனக்குப் பிடிச்சிருக்கு. ஒங்களுக்கு என்னத்துக்கு இப்பிடி வேர்க்குது?"

"வெயிலு."

"மழையில்ல பெய்யுது."

பார்த்திருப்பாளோ? பார்த்திருந்தால் சாம்பாரில் உப்புக் கூடியிருக்குமே. சாம்பார் ருசியாக இருந்தது. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள், ஸ்டுடியோ பெத்துராஜ் பேப்பர் சுற்றிய சட்டத்தோடு வந்தான். வீரையா அவனை வாசலிலேயே மடக்கினார்.

"ஏப்பா, பெருசாக்குனா அந்தப் பொடி ஆளோட முகம் தெரியுமா?"

"மங்கிப்போச்சுண்ணே. ஆளே தெரியல."

வீரையாவுக்கு உயிர் வந்தது. மாயக்காள் பேப்பரைப் பிரித்தாள். மலையும் இல்லை, அவளும் இல்லை.

"அக்கா அந்த மூலைய மட்டும் பெருசாக்கச் சொன்னாங்கண்ணே" என்றுவிட்டுப் பெத்துராஜ் வெரசாகக் கிளம்பினான்.

முகம் மங்கல்தான். கோழிக்காலைப் பிடித்த கையில் காப்புக்கயிறு மட்டும் முடிச்சோடு பளிச்சென்று இருந்தது.

"நாளைக்கு எங்க அண்ணன்மாரு வர்றாக. எங்கிட்டு மாட்டலாம்?"

வீரையா கயிற்றைப் பார்த்தார். "சட்டிய நானே எடுக்குறேன்."

"தப்பாச் சொல்றீகளா, வேணும்னே சொல்றீகளா?"

"வேணும்னேதான் புள்ள."

மாயக்காள் படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அடுத்த வருசத்துக்கும் ஆகும்" என்றபடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.