ஜௌபரின் ஆடும் பதினேழாம் பிரிவும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், பிற்பகல் அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில், பள்ளிவாசல்துறையில் ஓர் ஆடு காணாமற்போனது. நெருப்புக்குப் பிறகு மனிதகுலம் கண்டறிந்த மிக உன்னதமான பொருள் 'போட்டித் தவிர்ப்புப் பிரிவு' என்பது அன்றுதான் நிரூபணமாயிற்று.

ஆடு ஜௌபருடையது. மறுநாள் அறுத்துக் குர்பான் கொடுக்கவென்று வளர்த்தது. கபில நிறம், நெற்றியில் வெள்ளை. கட்டியிருந்த கயிற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

ஜௌபர் ஊரிலேயே பெரிய தொண்டைக்காரர். கொழும்பு 'ஒலிமலர்' விளம்பர நிறுவனத்திடம் கிளை உரிமை எடுத்து, முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, சவர்க்காரம் முதல் சீமெந்து வரை கூவியவர். சென்ற மாதம் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். நிறுவனம் பெருந்தன்மையோடு தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டது. ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவான போட்டித் தவிர்ப்பின்படி, இரண்டு வருடங்களுக்கு, இருபத்தைந்து மைல் சுற்றுவட்டத்தில், எந்தப் பொருளின் மீதும் அவர் பொதுமக்களின் கவனத்தைக் குரலால் ஈர்க்கக் கூடாது. மீறினால் அவருடைய வண்டி நிறுவனத்துக்குப் போய்விடும். சுற்றுவட்டத்தில் பாதி கடல். அங்கும் கூடாது. மீன்களைப் பற்றியும் யோசித்த நிறுவனம் அது.

"ஒரு சத்தம் போடுங்களேன்," என்றாள் மனைவி அஸ்ரியா. "ஒங்கட சத்தம் கற்பிட்டி வரைக்கும் கேக்குமே."

"ஆடும் ஒரு பொருள்தான்," என்றார் ஜௌபர் மெதுவாக. மெதுவாகப் பேச அனுமதி இருந்தது.

"அப்ப நான் கத்துறன்."

"குடும்பத்தாரும் ஏலாது."

"பள்ளியில சொல்லச் சொல்லுவம்."

"மறைமுகமாவும் ஏலாது."

"அந்தக் கடதாசியில கையெழுத்து வெக்கக்குள்ள ஒங்கட புத்தி எங்க மேஞ்சிக்கிட்டு இருந்திச்சு?"

ஆனாலும் ஒப்பந்தம் இரக்கமற்றது அல்ல. ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தது. உரிமை வைத்திருப்பவர் கூவலாம். அது இப்போது அஸ்ரியாவின் தம்பி ஹஸ்மியிடம் இருந்தது.

ஜௌபர் தேடிப் போனபோது ஹஸ்மி கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். அது நிறுவனத்தின் விதி. கீழே சாரம். அதைப் பற்றி விதி ஏதும் இல்லை.

"மச்சான், 'காணாமப் போன ஆடு' எண்டு சொல்லேலா. அது எதிர்மறைச் சொல்லு. கொழும்புல விரும்ப மாட்டாங்க."

"காணாமத்தானேடா போன?"

"'ஒங்கட பக்கத்துலயே இரிக்கிது' எண்டு சொல்லுவம். கேக்க நல்லா இரிக்கும்."

"சரி, கண்டா கொண்டாந்து தாங்க எண்டாவது சொல்லு."

"வாடிக்கையாளர்கிட்ட வேல வாங்கேலா மச்சான். நாங்கதான் அவங்களுக்குக் குடுக்கணும். நீங்க யோசிக்காதீங்க. பெருநாள் விளம்பரப் பொதியில போட்டு விடுறன். மிச்சத்த அதுவே சொல்லும்."

ஹஸ்மியின் வண்டியில் பொதி புறப்பட்டது. மெல்லிசையோடு ஊரைச் சுற்றியது.

"இதோ! உங்கள் பக்கத்திலேயே ஒரு கபில நிற ஆடு! நெற்றியில் வெள்ளை! ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்! மேலதிக விபரங்களுக்கு, ஐஸ் தொழிற்சாலை ஒழுங்கை, ஜௌபர் இல்லம்!"

ஜௌபர் வண்டியின் பின்னால் ஓடினார். கத்தவில்லை. கைகளை மட்டும் ஆட்டினார். ஒழுங்கையில் நின்றவர்களும் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் சனம் கூடியிருந்தது. ஹஸ்மியும் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினான். அடுத்த ஒழுங்கை முனவ்வரா, கபில நிற ஆடொன்றைப் புதுக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஜௌபரைக் கண்டதும் ஆடு உரத்துக் கத்தியது. அது எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்கவில்லை.

"இது என்ட..." என்று ஜௌபர் வாயைத் திறந்தார்.

"மச்சான்!" ஹஸ்மி அவர் காதருகே வந்தான். "சனம் நிக்கிது. பொதுமக்கள். ஒங்கட வண்டி போயிரும்."

ஜௌபர் வாயை மூடிக்கொண்டார். வண்டி பிழைத்தது. சட்டம் வென்றது.

"நல்ல கம்பனி," என்றாள் முனவ்வரா சனத்தைப் பார்த்து. "சொன்ன மாதிரியே பக்கத்துலதான் இருந்திச்சு, என்ட குசினிக்குப் பின்னால. நெத்தியும் வெள்ளதான்." பிறகு ஜௌபரின் பக்கம் திரும்பினாள். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்டு எடுத்துட்டன் தம்பி. இலவச ஆடு எங்க? நாளைக்குப் பெருநாள். ஊரெல்லாம் கூவி வித்த வாய், குடுக்கிற நேரம் வந்தா மட்டும் ஏன் பேசுதில்ல?"