வட்டத்தில் தன் முறை வந்தால்தான் குடிப்பாள்

வில்லாரிக்கா,
சனிக்கிழமை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒன்றரை நாள்.

மரியாதைக்குரிய அக்கா பெர்பேத்துவா அவர்களுக்கு, தங்கள் தம்பியும், தாங்கள் ஞானத்தாயாக நின்று பெயர் சூட்டிய குழந்தை பனம்பியின் தகப்பனுமாகிய செல்சோ பணிவுடன் எழுதிக்கொள்வது. ககுப்பே மாதா புண்ணியத்தில் இங்கே நான், நிமியா, குழந்தை, கடையில் இருக்கும் முடிவெட்டும் நாற்காலி எல்லோரும் நலம். நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் ஆடுகிறது. தங்கள் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் இந்த வெயிலில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க.

மூன்று வருஷம் காத்திருந்து நிமியாவுக்கு டீச்சர் வேலை கிடைத்தது தங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை ஐந்தரை பஸ்ஸில் போனால் மதியம் ஒன்றரைக்குத்தான் திரும்புவாள். பனம்பிக்கு ஏழு மாசம். மசித்த கிழங்கு இரண்டு வாய் வாங்குவாள், பால் என்றால் அம்மாவிடம் மட்டும்தான். பால்புட்டியை வாயருகே கொண்டுபோனால், காதை வெட்டிவிட்ட நாவிதனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறாள். போன வாரம் நிமியா ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி மாதா படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இவ புட்டி குடிக்கலைன்னா, திங்கக்கிழமை நான் போறது இந்தக் கடுதாசியைக் கொடுக்கத்தான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடம் படித்துப் பாஸானவள் அக்கா அவள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மூன்று விதமான ரப்பர் காம்பு வாங்கினேன், மூன்றையும் துப்பினாள். ஹெல்த் சென்டர் நர்ஸ் சொன்ன அளவில் பால்மாவைக் கலந்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, சூடு சரியாக இருக்கிறதென்று நானே இரண்டு மடக்கு குடித்தும் காட்டினேன், சிரித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் மூலிகை விற்கும் ஆகதா அம்மா வந்து, "தாய் வாசனை இல்லாம எந்தப் புள்ளைடா குடிக்கும்? அவ சட்டையைப் போட்டுக்கோ" என்றார்கள். மீசையோடு நிமியாவின் பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த நேரம் பார்த்துக் குதிரைவண்டிக்கார ஃபிதெலினோ அண்ணன் சவரத்துக்கு வந்து நிற்கிறார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, சவரம் எனக்கா, உனக்கா?" என்று கேட்டார். குழந்தை என்ன செய்தாள் தெரியுமா, சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு மோப்பம் பிடித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், ஏமாற்றிவிட்டாயே என்று அழுத அழுகையில் தெருவே வந்துவிட்டது. நிமியா வீட்டில் இருந்தால் இவள் குடிக்க மாட்டாள் என்று அவளைக் கொல்லையில் வாழை மரத்துக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தோம். இங்கே இவள் அழ அழ, அங்கே அவள் ரவிக்கை நனைந்துபோய் நின்றாள். அதைப் பார்த்த பிறகு அவளை மறுபடி கொல்லைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஃபிதெலினோ அண்ணன் சும்மா இருப்பாரா? "கத்தாழையைத் தடவச் சொல்லு, கசந்தா தானா விட்டுடும்" என்றார். நிமியாவும் பல்லைக் கடித்துக்கொண்டு தடவினாள். பனம்பி ஒருதரம் முகத்தைச் சுளித்தாள், நாக்கால் உதட்டைத் துழாவினாள், அப்புறம் முன்னைவிட ஆசையாகக் குடித்தாள். "நாள் முழுக்கக் கசப்புத் தண்ணிய உறிஞ்சுற வீட்டுல பொறந்தவகிட்டப் போய்க் கத்தாழையா?" என்று நிமியா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் அக்கா. வியாழக்கிழமை பத்து மணி, கடையில் தெரெரே வட்டம். ஃபிதெலினோ அண்ணன், ஆகதா அம்மா, ரொட்டிக்காரர், நான். பனம்பி என் மடியில். கசப்பு இலை போட்ட கொம்புக் குவளையில ஐஸ் தண்ணியை ஊத்தி ஊத்திச் சுத்துக்கு விடுறேன், ஒரே குழல், ஆளுக்கு ஒரு முறை, நம்ம வழக்கப்படி. இவ கண்ணு குவளை பின்னாடியே போகுது. அண்ணன்கிட்டப் போகுது, ஆகதா அம்மாகிட்டப் போகுது, ரொட்டிக்காரர்கிட்டப் போகுது, எங்கிட்ட வருது, மறுபடி அண்ணன்கிட்டப் போகுது. மூணாவது சுத்துல கையை நீட்டி ஒரு அதட்டல் போட்டா பாருங்க. அண்ணன் குவளையை வாங்க மாட்டேனுட்டாரு. "என்ன செல்சோ, வட்டத்துல உக்காந்திருக்கிற ஆளைத் தாண்டி ஊத்துற? இதான் உங்கப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதையா?" விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. நானும் விளையாட்டுக்குத்தான் பால்புட்டியை எடுத்து அவ வாய்ல வச்சேன்.

குடிச்சா அக்கா. நாலு மடக்கு குடிச்சா. அப்புறம் தானே வாயை எடுத்துட்டு, அடுத்து உங்க முறைங்கிற மாதிரி அண்ணனைப் பார்த்தா. அவர் குடிக்காம இவ தொட மாட்டேங்குறா. ஆகதா அம்மா வேண்டாம்னு சொல்லி விலகினதும் இவ புட்டியைத் தட்டிவிட்டா. ஆக, ஒரு புட்டி பால் இவ வயித்துக்குள்ள போக, பெரியவங்க நாங்க ரெண்டு கூஜாத் தண்ணி குடிக்க வேண்டியிருக்கு. ரொட்டிக்காரர் பாதி ரொட்டி விக்கிறதுக்குள்ள நாலு வீட்டுல கழிப்பறை கேட்டுட்டாராம். நேத்து ஏழு மணிக்கு ஒரு வட்டம், பத்துக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு. "பேறுகாலம் ஆன மாதிரி நாளைக்கு நான்தான் படுத்துக்கணும்"னு ஆகதா அம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க.

திங்கக்கிழமை எல்லாருக்கும் பிழைப்பு இருக்கு. வண்டி ஓட்டுறவர் வண்டி ஓட்டணும், ரொட்டி விக்கிறவர் ரொட்டி விக்கணும். வட்டத்துக்கு ஆள் இல்லாம இவ குடிக்காமப் போனா நிமியா அந்தக் கடுதாசியை எடுத்துடுவா. அதனால அக்கா, முழங்கால் வலியைப் பார்க்காம மாமாவையும் கூட்டிக்கிட்டு, இது கையில கிடைச்ச உடனே பஸ் ஏறிடுங்க. நீங்க, மாமா, நான், இவ. நாலு பேர் போதும். உங்க குவளையை மறக்காம எடுத்துட்டு வாங்க.

தாங்களும் மாமாவும் எல்லா நலமும் பெற்று, பனம்பியின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார மாதா அருள்புரியட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
செல்சோ

பி.கு.: இதை எழுதி முடிக்கிறதுக்குள்ள தபாலாபீஸ் மூடிட்டாங்க. இன்னைக்குப் புதன்கிழமை. நீங்க வர வேண்டியதில்லை. திங்கக்கிழமை ஏழு மணிக்கு ஒருத்தரும் வரலை, நானும் இவளும் மட்டும். புட்டியைக் கொடுத்தேன். யாரையும் பார்க்காம, யார் முறைக்கும் காத்திருக்காம, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சா. பத்துக்கும் அப்படித்தான், ஒரு மணிக்கும் அப்படித்தான். ஒன்றரைக்கு நிமியா பஸ் ஸ்டாப்புல இருந்து ஓடியே வந்தா, ரவிக்கை எல்லாம் நனைஞ்சிருந்துச்சு. பை தோள்ல இருக்கும்போதே, "அழுதாளா?"ன்னு கேட்டா. அவ சந்தோஷப்படுவான்னு நெனச்சு, நான் பெருமையா, "ஒரு தடவைகூட அழலை"ன்னு சொல்லித் தொலைச்சேன். "நல்லது"ன்னா. அன்னைக்கு முழுக்க எதுவும் சாப்பிடலை. கடுதாசியை மட்டும் கிழிச்சு அடுப்புல போட்டுட்டா. நேத்தும் வந்ததும் அதையேதான் கேட்டா. "பத்து மணிக்கு வாசலைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதா"ன்னு புளுகினேன். புள்ளையை வாரி எடுத்துக்கிட்டுக் கழுத்துல முகத்தை வச்சா, அப்புறம் உக்காந்து ஒரு தட்டு சோறு சாப்பிட்டா. நான் என்ன எழுதினேன்னு என்னைக்காவது அவ உங்ககிட்டக் கேட்டா அக்கா, புள்ளை நிறைய அழுதுச்சுன்னே சொல்லுங்க.