எல்லாரும் சாளை சொல்லுங்க!

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் யாரிடமும் வாயை மூடிக்கொண்டிருக்கும் கல்யாணப் படம் ஒன்றுகூடக் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். மாப்பிள்ளை, பெண், மாமனார், மாமியார், ஆசீர்வதிக்க வந்த போதகர் வரை அத்தனை பேரும் பல் வரிசையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். இதற்கெல்லாம் காரணம் ஒரே மனிதர், சாளை அண்ணாச்சி.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். போட்டோ எடுக்கும்போது வெளிநாட்டில் 'சீஸ்' சொல்லச் சொல்வார்கள் என்று யாரோ அந்தக் காலத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"நம்மாளு எவன் ஓய் சீஸு தின்னுருக்கான்? தின்னாத சாமான் பேரச் சொன்னா எப்படிச் சிரிப்பு வரும்? சாளைன்னு சொல்லிப் பாரும். வாயும் விரியும், மனசும் விரியும்!"

மத்தி மீனை எங்கள் பக்கம் சாளை என்போம். அது மணக்காத மத்தியானம் எங்கள் வீடுகளில் அபூர்வம். அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னால் நின்று, "ரெடி! எல்லாரும் சாளை சொல்லுங்க!" என்று கத்துவார். கூட்டம் "சாளைய்ய்!" என்று திருப்பிக் கத்தும். அந்த நொடியில் கிளிக்.

இன்றைக்கு அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கடையை எப்போதோ மூடிவிட்டார், வாயை மூடவில்லை. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வடசேரியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் போட்டோப் பைத்தியங்கள் பதினைந்து பேர் கூடுவோம். எடுத்த படத்தைக் காட்டுவோம், டீ குடிப்போம், ஒருவர் படத்தில் ஒருவர் குற்றம் கண்டுபிடிப்போம். அதில் முதல் ஆளாக வந்து உட்கார்பவர் அண்ணாச்சிதான். கையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய படங்களும் நெகட்டிவ்களும்.

எங்கள் படங்களை அவர் மதிப்பதே கிடையாது. முழங்கை நீள லென்ஸை மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் சேற்றில் கிடந்து நான் எடுத்த மீன்கொத்திப் படத்தைப் பெருமையாக நீட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா இது யாருக்க மவன்?" என்று கேட்டார். அப்பன் பேர் தெரியாத எதையும் படம் எடுத்துப் பயனில்லை என்பது அவர் கட்சி.

டின்னிலிருந்து தன் படத்தை எடுத்தாரென்றால் ஆள் நாற்காலியில் இருக்கமாட்டார். பக்கத்தில் இருப்பவரின் தொடையில் தட்டித் தட்டிக் கதை சொல்லுவார். நான் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்திருக்கிறேன்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் அவர் பல் தெரியத்தான் பாஸ்போர்ட் படம் எடுத்தார். படம் சரியில்லை என்று திரும்பி வந்தது. "அழுத மூஞ்சியோட போனா எவன் வேல தருவான்?" என்று சண்டைக்கு நின்றாராம். ஆரல்வாய்மொழியில் ஒரு ஜோடியைக் காற்றாலைக்குக் கீழே நிறுத்தியபோது, மணப்பெண்ணின் முக்காடு காற்றில் பறந்துபோய் மாமியார் முகத்தைச் சுற்றிக்கொண்டது. அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம், "வந்த அன்னைக்கே மாமியாக்க வாய அடைச்ச மருமவ இவ ஒருத்திதான்!" என்பார்.

ஆனால் அவருடைய தலைசிறந்த படம் முட்டத்தில் எடுத்தது. கடற்கரையோரத்தில் மீனவர் வீட்டுக் கல்யாணக் கூட்டம். நாற்பது பேரை வரிசையாக நிறுத்தி, "சாளை!" என்று கத்தியிருக்கிறார். நாற்பது பேரும் சடாரென்று திரும்பிக் கடலைப் பார்த்துவிட்டார்கள். படத்தில் நாற்பது பிடரி. மாப்பிள்ளை ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்திருக்கிறார்.

"பாத்தியளா! ஒருத்தன்கூட கேமராவப் பாக்கல்ல! இதுக்குப் பேருதான் மக்கா போட்டோ!"

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம், ஒரே ஒருவரைத் தவிர. அவர் கணக்கு டீச்சர். ஓய்வுபெற்றபின் பூக்களைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுப்பவர். அண்ணாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்தால் டீச்சர் வாசலோரம் உட்காருவார். அவரோடு நேராகப் பேசமாட்டார். "அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க" என்று எங்கள் குழுவின் செயலாளரிடம் சொல்லுவார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அண்ணாச்சி மாதாமாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னைக்காவது டீச்சர் எனக்க படத்தப் பாத்தாங்களா மக்கா?"

விஷயம் இதுதான். டீச்சரின் அப்பாதான் அண்ணாச்சிக்கு முதல் கல்யாண ஆர்டரை வாங்கிக் கொடுத்தவர். முப்பது வருடங்களுக்கு முன் அவர் இறந்துபோனார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், அடக்கத்துக்கு முன்னால் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று படம் எடுப்பார்கள். அண்ணாச்சி அழுது வீங்கிய கண்ணோடு போய், எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். தலைமாட்டில் டீச்சரின் அம்மா, கால்மாட்டில் போதகர். கேமராவில் கண்ணை வைத்தார். பழகிய நாக்கு, சும்மா இருக்கவில்லை.

"ரெடி! எல்லாரும் சாளை சொல்லுங்க!"

அந்த வீட்டின் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றிலும் அவருக்குக் கட்டுப்பட்டு நின்ற குடும்பம். மூளை தடுப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. "சாளைய்ய்!" போதகர் உட்பட.

இறந்தவரோ தினமும் சாளை இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். நாற்பது வருடம் அதற்குச் செதில் சுரண்டியவர் டீச்சரின் அம்மா. அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்து, "கேட்டியளா, இதுக்குள்ள கெடந்தும் ஒங்களுக்குச் சாளைதானா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவ்வளவுதான், வீடே சிரித்தது. அண்ணாச்சியின் விரல் தன்னால் அழுத்திவிட்டது.

மறுநாள் டீச்சர் அவர் கடைக்குப் போய், "எங்க அப்பாக்க சாவ நாடகமாக்கிட்டீங்க. அத எரிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எரித்துவிட்டதாக அண்ணாச்சி ஆள் விட்டுச் சொன்னார். அதோடு பேச்சு நின்றது.

போன மாதக் கூட்டத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. செயலாளர் பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டுபோய், உள்ளே இருந்த நெகட்டிவ் ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றி, புரொஜக்டர் வைத்துச் சுவரில் போட்டார். அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எழுந்து நின்று கத்தினார். முட்டத்துப் பிடரிகள் வந்தன. மாமியார் வந்தார். அடுத்ததாக ஒரு பெட்டி வந்தது.

அண்ணாச்சி அந்த வயதிலும் ஒரே பாய்ச்சலில் சுவருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். படம் முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"ஆஃப் பண்ணும் ஓய்! ஆஃப் பண்ணும்!"

பதறிப்போன செயலாளர் எதையோ அமுக்க, படம் இரண்டு மடங்கு பெரிதானது. டீச்சர் எழுந்தார்.

"அண்ணாச்சி, மாறி நில்லுங்கோ."

"மாட்டேன் டீச்சர். எரிச்சாச்சுன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். தீப்பெட்டி எடுத்தேன், மனசு வரல்ல. நீங்க இதப் பாக்கண்டாம்."

"எங்க அம்மைக்க மொகம் ஒங்க வயித்துல கெடக்கு. மாறுங்கோ."

மாறினார். டீச்சர் சுவரருகே போய் நின்றார். அவருடைய அம்மாவுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. எந்தப் படத்திலும், அண்ணாச்சி எவ்வளவு கத்தினாலும், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாராம். இதில் இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்தன, பொத்த முடியவில்லை. முழுச் சிரிப்பு. கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, அப்படி ஒரு சிரிப்பு.

"அம்மை சிரிக்க மாதிரி ஒரு படம்கூட எங்கிட்ட கெடையாது" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி மெதுவாகக் கையை நீட்டினார். "எடது பக்கம் பாருங்கோ டீச்சர்."

அங்கே நின்றது டீச்சர்தான். எல்லோரையும்விட அகலமாக வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானுமா?" என்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுடைய சிரிப்பேதான், எங்களுக்கெல்லாம் தெரிந்தது. "பெருசாப் போட்டுத் தாங்கோ அண்ணாச்சி. வீட்டுல முன்னறையில மாட்டணும்."

"ஃபிரேமோட தாறேன் டீச்சர், ஃபிரேமோட!" என்று கத்திய அண்ணாச்சி, சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். எதற்காக என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

படியிறங்கும்போது அன்றைக்கு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, எனக்க பெட்டிக்கும் நீங்கதான் வந்து படம் எடுக்கணும்."

எண்பது தாண்டியவரிடம் ஐம்பத்து நான்கு வயதுக்காரன் கேட்கக்கூடாததுதான். அவர் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுக்கேன் மக்கா. தேதிய மட்டும் நேரத்தோட சொல்லிரு, வேற ஆர்டர் வந்துரும்."

இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆனால் நான் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அவர் வராமல் என் பெட்டியை மூட எனக்குச் சம்மதம் கிடையாது.