சுபாவம் பிரிக்கிறவர்

கோயில் மணி கேட்கிற ஊரிலெல்லாம் வேதப்புரட்டுப் பிடிக்கிறவர் ஒருவர் இருப்பார். எலி பிடிக்கிறவருக்காவது கூலி உண்டு. இவர் சும்மாவே பிடிப்பார். உங்கள் சபையில் மட்டும் இல்லையென்கிறீர்களா? கொடுத்துவைத்தவர்கள்தான்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு சபைக்கு வாய்த்தவர் மூப்பர் கிருபைராஜ். கிறிஸ்துவுக்குத் தெய்வ சுபாவம் ஒன்று, மனுஷ சுபாவம் ஒன்று என்பது விசுவாசிகள் எல்லாரும் அறிந்ததுதான். அறிந்தால் போதுமா? பிரிக்க வேண்டாமா? சுவிசேஷம் முழுவதையும் சுளகில் போட்டுப் புடைத்து, படகில் தூங்கினது மனுஷ சுபாவம், காற்றை அதட்டினது தெய்வ சுபாவம், கல்லறையில் அழுதது இது, லாசருவை எழுப்பினது அது என்று இரண்டு குவியலாக்கி வைத்திருந்தார் அவர். பிரசங்க நேரத்தில் கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறார் என்று நம்பி, உபதேசியார் நேசையா, "இயேசு களைத்துப்போய்..." என்று தொடங்கினால் போதும், முன்வரிசையிலிருந்து ஓர் இருமல் வரும். உபதேசியார் பதறிப்போய், "மனுஷ சுபாவத்தின்படி" என்று சேர்த்துக்கொள்வார். மூப்பருக்குச் சளி பிடித்த மார்கழியில் பிரசங்கம் இரண்டு மணி நேரம் ஓடியது.

கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவர் எந்தச் சுபாவத்தில் சாப்பிட்டார் என்று சபை விருந்தான அசனப் பந்தியிலேயே கேட்டு, கையில் எடுத்த கறிச்சோற்றை யாரும் வாய்க்குக் கொண்டுபோகவிடாமல் செய்தவர் அவர். வீட்டில் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. "சோறு ஆறுது. எந்தச் சுபாவத்துல சாப்பிட வாறீய?" என்று கேட்டுவிடுவாள் மனைவி யூனிஸ்.

அந்த வருஷம் குருமாருக்கெல்லாம் தலைவரான அத்தியட்சர் வருவதாகக் கடிதம் வந்தது. ஒருவருடைய தலையில் அவர் கைவைத்துத் திடப்படுத்தினால்தான் அந்த ஆள் நற்கருணை அப்பம் வாங்கலாம். அவர் வருவதோ மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. ஆட்களை முன்கூட்டிச் சோதிக்கிற வேலை மூப்பருடையது. நாற்று நடுகிற பாக்கியவதியை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளியிருந்தார். ஆறு வருஷமாக, புருஷனும் அக்கம்பக்கத்தாரும் எழுந்து அப்பம் வாங்கப் போக, அவள் மட்டும் பாயில் உட்கார்ந்தே இருந்தாள். அது எவ்வளவு பெரிய வேதனை! மூப்பருக்கு அது தெரியாது.

மூன்றாம் தடவையும் வந்து நின்றாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த குருவானவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் மூப்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"சமாரியாவுல, கிணத்தடியில தாகமா உக்காந்திருந்தது எந்தச் சுபாவம்?"

"ஆண்டவருதான் உக்காந்திருந்தாரு."

"அது தெரியும் பாக்கியவதி. அந்தப் பொம்பளைகிட்ட, ஜீவதண்ணி தாரேன்னு சொன்னது எந்தச் சுபாவம்?"

பாக்கியவதி முந்தானையை முறுக்கினாள். போன தடவை இந்த இடத்தில்தான் வாயடைத்துப் போனாள்.

"ஐயா, நானுந்தான் தெனமும் ஆத்துல தண்ணி எடுக்கேன். தண்ணி கேட்டவரும் அவருதான், தண்ணி தாரேன்னவரும் அவருதான். அங்கன ஒருத்தருதானய்யா உக்காந்திருந்தாரு?"

"பாத்தீயளா ஐயா! இவளுக்குப் பிரிக்கவே தெரியல" என்று மூப்பர் குதூகலமாகத் திரும்பினார்.

குருவானவர் சிரிக்கவில்லை. "சுபாவம் ரெண்டு, ஆள் ஒருத்தர். சபையோட விசுவாசம் அதுதான். அவ சரியாத்தான் சொல்லுதா. நீருதான் வே, பிரிச்சுப் பிரிச்சு, ரெண்டு கிறிஸ்துவைக் கிணத்தடியில உக்கார வச்சுட்டீரு. அதுக்குப் பேருதான் புரட்டு."

முப்பது வருஷமாகப் பிறரைப் பிடித்தவர் அகப்பட்டுக்கொண்டார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"அப்போ, நான் அப்பம் வாங்கலாமாய்யா?"

"வாங்கலாம் தாயி."

அவள் நின்ற இடத்திலேயே விம்மி அழுதாள்.

மூப்பர் திருந்தினாரா? ஏன் திருந்தவில்லை! அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பழக்கதோஷத்தில், "மனுஷ சுபாவத்தின்படி" என்றதுமே, "ஆள் ஒருத்தர் வே!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். குருவானவருடைய பதிலை வாசித்தபோது, 'இதில் ஒரு நுணுக்கம் விட்டுப்போயிற்றே' என்று உங்கள் விரல் மெல்ல எழுந்ததா? எழுந்திருந்தால், பாக்கியவதி அழுததை நீங்களும் கவனிக்கவில்லை.